ஏற்காட்டு எஸ்டேட்டில் ரத்தக்காட்டேரி: சைட் குவெஸ்ட் வில்லனை விதிகளால் கட்டுவது எப்படி?

கேள்வி இதுதான். சேலத்தில் மூன்று பேர் சேர்ந்து கோடாட் 4 என்ற கேம் எஞ்சினில் ஒரு ஃபேன்டஸி ரோல்பிளே கேம் செய்கிறார்கள். சேர்வராயன் மலையைப் போன்ற ஒரு மலையில் நடக்கும் சைட் குவெஸ்டுக்கு (மெயின் கதைக்கு வெளியே வரும் கிளைக்கதைக்கு) ரத்தக்காட்டேரி ஒருவன் வில்லனாக வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கையில் இருக்கும் வரைவில் பாழடைந்த பங்களா, வெள்ளைக்காரத் துரை, கறுப்பு அங்கி, நள்ளிரவுச் சண்டை எல்லாம் இருக்கின்றன. "எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது, என்ன மாற்றலாம்?" என்கிறார்கள்.

அங்கியைக் கழற்றி வேட்டி கட்டிவிட்டால் இது சரியாகாது. மெயின் கதையின் வில்லனுக்கு இருபது, முப்பது மணி நேரம் கிடைக்கும். சைட் குவெஸ்ட் வில்லன் நேரடியாகத் திரையில் நிற்பது ஐந்தாறு நிமிடம்தான். அதற்குள் அவனுடைய முன்கதையையும் சோகத்தையும் பேசித் தீர்க்கப் பார்த்தால், ஆட்டக்காரர் பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிப் போய்விடுவார். ரத்தக்காட்டேரியிடம் மற்ற அரக்கர்களிடம் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. அவன் முழுக்க முழுக்க விதிகளால் ஆனவன். வெயில், அழைக்காமல் தாண்ட முடியாத வாசற்படி, வெள்ளி, பூண்டு, தரையில் சிந்திய தானியத்தை எண்ணியே தீர வேண்டிய கட்டாயம் என்று பட்டியல் நீளும். சண்டைக்கு முன்பே ஆட்டக்காரர் அந்த விதிகளைத் தானாகக் கண்டுபிடித்து, சண்டையில் அவற்றை அவன் மேலேயே திருப்பினால் போதும், வில்லன் மனதில் நிற்பான். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

எந்த விதியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயில் பட்டால் செத்தே போவான் என்பது 1922-இல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப்படத்துக்குப் பிறகு பரவியது. 1897-இல் வந்த பிரபலமான நாவலில் அந்தப் பிரபு பகலில் தெருவில் நடமாடுவார், அவருடைய சக்தி மட்டும் குறைந்திருக்கும். தானியம் எண்ணுவது கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கை. ஆகவே பொறுக்கிக்கொள்ளலாம், ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரத்தில் நான்காவது விதியைச் சொல்லிக்கொடுக்கப் போனால் முதல் விதி மறந்துபோகும்.

இந்த மலைக்குப் பொருந்துவதாக நான் சொல்வது வெயில், கடன், எண்ணிக்கை. மூன்றையும் ஒரே ஆளுக்குள் அடக்க வேண்டுமென்றால் அவன் துரையாக இருக்கக் கூடாது, கணக்குப்பிள்ளையாக இருக்க வேண்டும். சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். அதற்குப் பிறகு எஸ்டேட் என்றாலே பங்களாத் துரையைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். ஆனால் வேலையாளின் பெயர் யார் கையில் இருக்கிறது? செக்ரோல் எனும் வருகை, கூலி ஏட்டை எழுதுபவன் கையில். முன்பணம் கொடுத்து ரேகை வாங்குபவனும் அவன்தான். வாசற்படி விதியை அப்படியே கடனாக மாற்றிவிடலாம்: யார் முன்பணம் வாங்கி ஏட்டில் ரேகை வைத்தார்களோ அவர்கள் வீட்டுக்குள் மட்டும்தான் அவன் நுழைய முடியும். அந்த ரேகைதான் அழைப்பு. முன்பணத்தைக் காட்டிக் குடும்பத்தையே கட்டிப்போட்ட கொத்தடிமை முறை நிஜத்தில் இருந்தது, அதை ஒழிக்கும் சட்டம் வந்ததே 1976-இல்தான். அந்தக் கனம் தெரிந்து எழுதுங்கள், ரேகை வைத்தவர்களை முட்டாள்களாகக் காட்டாதீர்கள்.

கையை வைக்கக் கூடாத இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்டேரி பல ஊர்களில் படையல் வாங்கும் தெய்வம், அந்தப் பெயரை வில்லனுக்குச் சூட்டாதீர்கள். உங்கள் குறிப்புகளில் ரத்தக்காட்டேரி என்று இருக்கட்டும், கேமுக்குள் 'கணக்குப்பிள்ளை' என்றே இருக்கட்டும். சேர்வராயன் கோயில் குகைக்குள் இருப்பதால் பாஸ் சண்டைக்கு, அதாவது வில்லனோடு நடக்கும் இறுதிச் சண்டைக்கு, ஏற்ற இடம் என்று தோன்றும். அது மக்கள் கும்பிடும் இடம், விட்டுவிடுங்கள். மலைவாழ் மக்களை மந்திரக் கிழவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மட்டும் காட்டும் வழக்கத்தையும் விடுங்கள். எஸ்டேட்டுக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள்.

இனி தொடக்கம். குவெஸ்டைக் கொடுப்பவனே கணக்குப்பிள்ளையாக இருக்கட்டும். "லைன் வீடுகள்ல ராத்திரி ஏதோ மிருகம் புகுந்து ஆளுங்களை அடிக்குதுங்க, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டு, 50 காசு முன்பணம் நீட்டுகிறான். ஏடு திறக்கிறது, ஆட்டக்காரர் ரேகை வைக்கிறார். குவெஸ்டை ஏற்கும் பட்டனும் இந்த ரேகையும் ஒன்றாக இருக்க வேண்டும். நூறு கேமில் யோசிக்காமல் அழுத்திய பட்டன் அது. இங்கே அதை அழுத்தியதால் அன்றிரவு அவருடைய கூடாரத்துக்குள் அவன் நுழைய முடியும். ஏமாற்று வேலை என்று யாரும் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், ரேகை வைக்கும் பக்கத்தில் மேலே உள்ள நான்கைந்து பெயர்கள் சிவப்பு மையால் அடித்திருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். 'முன்பணம் வேண்டாம், வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்' என்ற பதிலும் இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பவருக்கு இரவுத் தாக்குதல் கிடையாது. அவன் கூடாரத்துக்கு வெளியே விடியும்வரை நின்றுவிட்டுப் போவான். அந்தக் காட்சிக்குத் தனியாக அனிமேஷன் தேவையில்லை, நிற்கும் அனிமேஷனே போதும்.

தடயங்கள் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த இரண்டு கிடைத்தாலும் குவெஸ்ட் நகர வேண்டும். ஒட்டி ஒட்டி, வேலையாட்கள் குடியிருக்கும் இரண்டு லைன் வீடுகள்: ஒன்றில் ரத்தம், அடுத்ததில் ஒரு கீறல் கூட இல்லை. அங்கே இருக்கும் பாட்டியிடம் கேட்டால், "இந்த வூட்டுக்குள்ள வரமாட்டான் கண்ணு, நாங்க அவங்கிட்டப் பணம் வாங்கலை" என்பாள். இது கடன் விதி. மூட்டம் போட்ட நாட்களில் மட்டும் அவன் பகலில் காபி காயவைக்கும் களத்துக்கு வந்து பெயர் கூப்பிட்டிருக்கிறான் என்பது செக்ரோலில் தேதி வாரியாகத் தெரியும். வெயில் அடித்த நாட்களில் கையெழுத்து வேறு. இது வெயில் விதி.

மூன்றாவதில்தான் சேலத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் குஷி. எஸ்டேட் கடையில் ஒரு மூட்டை ஜவ்வரிசி கிழிந்து படியில் கொட்டியிருக்கிறது. அள்ளப்படவில்லை. பத்துப் பத்தாக, படி நெடுக, வரிசை பிசகாமல் குவித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைசிக் குவியலில் ஏழுதான் இருக்கிறது, விடிந்துவிட்டது போல. ஐரோப்பியக் கதையில் கசகசாவோ தினையோ வரும் இடத்தில் இங்கே ஜவ்வரிசிதான் பொருத்தம். சேலம், ஆத்தூர் சுற்றுவட்டாரமே மரவள்ளியும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையுமாக இருக்கிறது. 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவு சங்கமும் சேலத்தில்தான் இருக்கிறது. வெள்ளை மணி இருட்டிலும் திரையில் பளிச்சென்று தெரியும் என்பது கூடுதல் லாபம். இந்தக் குவியல்களைப் பற்றி எந்தப் பாத்திரமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். கேமரா அதன் மேல் தானாகத் திரும்பவும் வேண்டாம். ஆட்டக்காரரே குனிந்து எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து வெயில். மூன்று பேர் குழு தடுமாறப் போகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெயில் படுகிறதா என்பதற்கு ஒரே ஒரு எண் வையுங்கள், 0 முதல் 1 வரை. சூரிய உயரம் 10 பாகைக்குக் கீழே என்றால் 0, 30 பாகைக்கு மேலே என்றால் 1, இடையில் நேர்கோட்டில் ஏறட்டும். அதை (1 − மூட்டம்) ஆல் பெருக்குங்கள், மூட்டமும் 0 முதல் 1 வரையான எண்தான். பிறகு மறைப்பு: வில்லனின் தலை, மார்பு, கால் மூன்றிலிருந்தும் சூரியத் திசையில் ஒவ்வொரு கதிர் விட்டு, அவற்றில் குறைந்தது இரண்டு தடையின்றிப் போனால்தான் வெயில். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இதைச் செய்ய வேண்டாம், 0.2 விநாடிக்கு ஒருமுறை போதும். ஒரே கதிர் விட்டால் ஒரு இலை குறுக்கே வந்தாலும் சேதம் நின்று நின்று வரும், பார்ப்பவருக்கு அது பிழை போலத் தெரியும்.

சில்வர் ஓக் மரங்களை மல்ட்டிமெஷ்ஷாக (ஒரே வடிவத்தைப் பல இடங்களில் ஒரே மூச்சில் வரையும் முறை) போட்டிருப்பீர்கள், அதுதான் சரி. ஆனால் மல்ட்டிமெஷ்ஷுக்கு மோதல் வடிவம் கிடையாது. கதிர் மரத்தைத் துளைத்துக்கொண்டு போகும், நிழலில் நிற்கும் வில்லன் வெந்துகொண்டிருப்பான். ஒவ்வொரு மரத்துக்கும் தண்டுக்கு ஓர் உருளையும் கிளைப்பகுதிக்கு சுமார் 4 மீட்டர் அகலத்தில் ஒரு கேப்ஸ்யூலும் தனியாக வையுங்கள். இலை அளவுக்கு நுணுக்கம் பார்க்காதீர்கள். கதிரின் நீளத்தையும் பாருங்கள்: 20 மீட்டர் மரத்தின் உச்சியை உரசி வரும் வெயில், சூரியன் 22 பாகையில் இருக்கும்போது 53 மீட்டர் கடந்துதான் தரைக்கு வரும். கதிரை 40 மீட்டரில் நிறுத்தினால் காலை நிழலே கணக்கில் வராது. 80 வைத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதும் கணக்கும் ஒத்துப்போகாத இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. கோடாட்டில் சூரிய விளக்கின் நிழல் தூரம் இயல்பாக 100 மீட்டர். அதற்கு அப்பால் மரநிழல் வரையப்படாது, மேட்டிலிருந்து களத்தைப் பார்ப்பவருக்கு எல்லா இடமும் வெயிலாகவே தெரியும். மற்றொன்று மூட்டம். வால்யூமெட்ரிக் ஃபாக் (முப்பரிமாண மூட்டம்), திரையை வரையும் ரெண்டரர்களில் ஃபார்வர்டு பிளஸ்ஸில் மட்டும்தான் ஓடும். பழைய லேப்டாப்புக்காக கம்பாட்டிபிலிட்டி ரெண்டரருக்கு இறங்கினால் அது மறைந்துபோகும், சாதாரண ஃபாக்கும் சில துகள் படலங்களும்தான் மிஞ்சும். எனவே மூட்டத்தின் அளவை உங்கள் சொந்த எண்ணாக வைத்துக்கொண்டு, திரையை அந்த எண்ணுக்கு ஏற்ப வரையுங்கள். தலைகீழாகச் செய்தால், கிராஃபிக்ஸைக் குறைத்தவருக்கு ஒரு கேமும் கூட்டியவருக்கு ஒரு கேமுமாக ஆகிவிடும்.

களத்துக்கு வருவோம். காபித் தோட்டம் முழுக்க நிழல், பழமும் கொட்டையும் காயவைக்கும் களம் ஒன்றுதான் திறந்தவெளி. பாஸ் சண்டைக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. பங்களாவுக்குள் நள்ளிரவில் சண்டை போட்டால் வெயில் விதி வீணாகும். காலை 8 மணிக்கு, மூட்டம் விலகத் தொடங்கும் நேரத்தில் சண்டையை வையுங்கள்.

பழம் பறிக்கும் பருவம் என்று டிசம்பர் கடைசியை எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஏறக்குறைய 11.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. உச்சிப்பொழுது சரியாக 12 என்று வைத்து, களத்தின் கிழக்கு ஓரத்தில் தெற்கு வடக்காக 20 மீட்டர் உயர மரவரிசை நிறுத்தினால், அதன் நிழல் மேற்கு நோக்கி 8 மணிக்கு 43 மீட்டர், 9 மணிக்கு 23, 10 மணிக்கு 13, 11 மணிக்கு 6 மீட்டர் வரும். ஆட்டத்தில் ஒரு மணி நேரம் ஒரு நிமிடம் என்றால், மூன்று நிமிடத்தில் நிழல் 43-இலிருந்து 6 மீட்டராகச் சுருங்குகிறது. திரையில் கடிகாரம் எதுவும் தேவையில்லை. வில்லன் நிற்க முடிந்த தரையே கண்ணெதிரே குறைகிறது.

இதற்குக் களம் கிழக்கு மேற்காக 50 மீட்டர், தெற்கு வடக்காக 30 மீட்டர் இருக்கட்டும். குடோன் கிழக்கு ஓரத்தில் மரவரிசைக்கு ஒட்டி, கதவு மேற்கு பார்த்து. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்திருப்பதால் நிழல் நேர் மேற்கே விழாமல் வடக்கே சாயும். 8 மணிக்கு அந்தச் சாய்வு 26 மீட்டர். மரவரிசை களத்தோடு நின்றுவிட்டால் தெற்கு மூலையில் காலையிலேயே வெயில் விழுந்து சண்டை கெடும். தெற்கே 30 மீட்டர் கூடுதலாக நீட்டுங்கள். களத்தின் தெற்கு விளிம்பில் மட்டும் ஒரு மரம் கூட வேண்டாம், அங்கே மரம் இருந்தால் டிசம்பரில் உச்சிப்பொழுதிலும் 14 மீட்டர் நிழல் களத்துக்குள் கிடக்கும். நிழலின் விளிம்பு நேராக, ஓடும்போதே கண்ணில் படும்படி இருக்க, மரவரிசைக்குள் 20 மீட்டர் உயரக் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றை வைத்து, அதையே நிழல் விழவும் கதிரை மறிக்கவும் விடுங்கள்.

பகலில் அவன் ஏன் வெளியே வருகிறான்? பெயர் கூப்பிட. மூட்டம் 7.30 வரை 0.9-இல் நிற்கும், 9 மணிக்குள் 0.1-க்கு இறங்கும். அவன் 8 மணிக்குள் குடோனுக்குத் திரும்பிவிடுவான், அதைத் தடுப்பதுதான் ஆட்டக்காரர் வேலை. அங்கேதான் ஜவ்வரிசி. எறிந்ததும் குனிந்து எண்ணத் தொடங்குவான். முதல் தடவை 10 விநாடி, அடுத்து 6, அடுத்து 3, அதற்குப் பிறகு பலிக்காது. இந்தக் குறைப்பு இல்லாவிட்டால் ஒரு சாக்கு ஜவ்வரிசியோடு வந்து கொட்டிக்கொண்டே இருப்பார்கள், சண்டை சமையல் வேலையாகிவிடும். மூட்டம் 0.7-க்கு மேல் இருந்தால் ஈரக் களத்தில் மணிகள் ஒட்டிக் கட்டியாகிவிடும், அவன் "ஒண்ணு" என்று சொல்லிவிட்டு நிமிர்வான். நிஜத்தில் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாதுதான், ஆனால் அவசரப்படாமல் மூட்டம் விலகக் காத்திருக்க வேண்டும் என்று ஒரே தடவையில் புரிய வைக்கும். மணிகளை ஒவ்வொன்றாக உருவாக்கி இயற்பியல் எஞ்சினில் விடாதீர்கள், தரையில் ஒட்டும் படமாக ஒரு டெக்கல், கையில் எண்ணும் அனிமேஷன், அவ்வளவுதான்.

சண்டைக் கணக்கு. எட்டாம் லெவலில் வரும் ஆட்டக்காரரின் ஒரு வெட்டு 22 என்றும் 1.2 விநாடிக்கு ஒரு வெட்டு என்றும் வைத்தால் விநாடிக்கு 18 வரும். ஆனால் ஓடி ஒதுங்கும் நேரம் போக அதில் 40 சதவீதம்தான் நடக்கும், அதாவது விநாடிக்கு 7 சொச்சம். வில்லனுக்கு 1,000 உயிர்ப்புள்ளி. முழு வெயில் விநாடிக்கு 40 எடுக்கட்டும், எண் 0.5 என்றால் 20.

ரத்தம் குடித்தால் உயிர் ஏறும் என்பது இந்த மாதிரி வில்லனின் அடையாளம், சண்டை இழுத்துக்கொண்டே போவதற்கான காரணமும் அதுதான். திறமை குறைந்த ஆட்டக்காரர்தான் அதிகம் கடி வாங்குவார், அவருக்குத்தான் வில்லனின் உயிர் ஏறிக்கொண்டே போகும். இரண்டு பூட்டுப் போடுங்கள். சண்டை முழுவதற்கும் மொத்த ஏற்றம் 250-ஐத் தாண்டக் கூடாது. 70 சதவீதம், 35 சதவீதம் என்று இரண்டு கோடு வைத்து, ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் குடித்து அதற்கு மேலே ஏற முடியாது என்று வையுங்கள். வெயிலே படாமல் வாளால் மட்டும் அடித்தாலும் 1,250 புள்ளிக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும், நிழல் சுருங்கும் நேரமும் அதுதான்.

வாள் அவனை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் மூட்டமாகக் கலைந்து மறு இடத்தில் சேர்வான், முடிப்பது வெயில் மட்டும்தான். இருபத்தைந்தாம் லெவலில் வந்து இரண்டு வெட்டில் கதையை முடிக்கப் பார்ப்பவரும் இதனால் விதிக்குள் வந்தே ஆக வேண்டும். ஆனால் பலிக்கவில்லை என்பது தெரிய வேண்டும்: வெட்டுப் பொறியின் நிறம் மாறட்டும், ஒலி மழுங்கட்டும். இல்லையென்றால் கேம் கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார்கள். வௌவாலாக மாறுவதை விடுங்கள். மூன்று பேருக்கு அந்த அனிமேஷன் கட்டுப்படியாகாது. மூட்டமாகக் கலைவதற்கு, உருவம் கரைவதுபோலக் காட்டும் ஒரு டிசால்வ் ஷேடர், துகள்கள், மோதலை அணைப்பது, இவ்வளவே போதும். மலைக்கும் அதுதான் பொருந்தும்.

கடித்தால் ஆட்டக்காரரும் ரத்தக்காட்டேரி ஆகிவிடுவாரா? ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு சைட் குவெஸ்டில் அதைச் செய்தால் மீதி கேமில் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு கடைக்காரரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் 'குளிர்' என்று ஒரு நிலை: ஒரு கடிக்கு அதிகபட்ச உயிரில் 10 சதவீதம் குறையும், மூன்று கடி வரை. வெயில் எண் 0.5-க்கு மேல் உள்ள இடத்தில் 20 விநாடி நின்றால் தீரும். வில்லனுக்கு எழுதிய அதே வெயில் கணக்கை இங்கேயும் கூப்பிடலாம், புதிதாக எதுவும் எழுத வேண்டாம். வெயிலில் நின்றால் தனக்கு நல்லது என்று உடம்பால் தெரிந்தவர், அது அவனுக்கு ஆகாது என்பதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

வெள்ளி இல்லாமலா என்று கேட்பீர்கள். வெள்ளி வாள் வேண்டாம். சுத்த வெள்ளி மென்மையானது, செம்பு கலக்காமல் உருப்படியான விளிம்பு நிற்காது, எல்லா கேமிலும் வந்து சலித்தும் விட்டது. சேலத்தில் வெள்ளி என்றால் கொலுசு. செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, முத்து வைத்து முடிக்கும் வேலையை ஒரு கடைக்காட்சியாக வைக்கலாம். கேமில் கொலுசுக்கு இரண்டு வேலை. முதலாவது காது: மூட்டத்தில் அவனைப் பார்க்க முடியாது, காபிச் செடிகளுக்கிடையே கட்டி வைத்த கொலுசு அவன் உரசும்போது சிணுங்கும். முப்பரிமாண ஒலியாக வைத்து, 2 மீட்டரில் முழு ஓசை, 25 மீட்டரில் இல்லாமல் போகும்படி அமையுங்கள். ஹெட்ஃபோன் இல்லாதவருக்கும் காது கேளாதவருக்கும் 'கொலுசு, இடப்பக்கம்' என்று சப்டைட்டில் கட்டாயம். ஒரே ஒலிக்கோப்பைப் போட்டால் நான்கு முறைக்குப் பிறகு காதுக்கு அலுக்கும், ஐந்தாறு கோப்புகளைப் பதிவுசெய்து சுருதியைச் சற்றே மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். இரண்டாவது வேலை குடோன் வாசலில்: குறுக்கே கட்டிய கொலுசு ஒரே ஒரு முறை, 8 விநாடி அவனைத் தடுக்கும், பிறகு அறும்.

குவெஸ்ட் நிலைகளை 1, 2, 3 என்று படிக்கட்டாக எழுதாதீர்கள். யாரும் அந்த வரிசையில் வரமாட்டார்கள். குவெஸ்ட் வாங்குவதற்கு முன்பே குடோனுக்குள் நுழைவார்கள், பாட்டியிடம் பேசாமலே போவார்கள், கொலுசை விற்றுவிட்டு வந்து நிற்பார்கள். 'ரேகை வைத்தாரா', 'வீடுகளைப் பார்த்தாரா', 'ஏட்டைப் படித்தாரா', 'குவியலைப் பார்த்தாரா', 'ஏடு எரிந்ததா' என்று தனித்தனி உண்மைகளாக வைத்து, ஒவ்வொரு உரையாடலும் அவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும். ஜவ்வரிசியும் கொலுசும் தீர்ந்துபோனால் எஸ்டேட் கடையில் எப்போதும் கிடைக்க வேண்டும், விற்றவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. தூங்கி நேரம் தள்ளுவது, ஃபாஸ்ட் டிராவல், சண்டை நடுவே சேவ் செய்து திறப்பது, இந்த மூன்றிலும் மூட்டமும் சூரியனும் ஒரே கடிகாரத்திலிருந்து கணக்கிடப்பட வேண்டும். மூட்டத்துக்குத் தனி டைமர் வைத்தால், லோடு செய்ததும் பட்டப்பகலில் கெட்டி மூட்டத்தோடு வில்லன் நிற்பான்.

காலையில் தவறவிட்டால் அவன் குடோனுக்குள் போய்விடுவான், அடுத்த நாள் மறுபடி முயலலாம். ஒவ்வொரு நாளுக்கும் செக்ரோலில் ஒரு பெயர் சிவப்பாகும், மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏட்டை முன்பே எரிப்பவருக்கும் வழி விடுங்கள். எரித்தால் எந்த வீட்டுக்குள்ளும் அவன் நுழைய முடியாது, சண்டை எளிதாகும். ஆனால் வேலையாட்களுக்கு வர வேண்டிய கூலிக்கு அந்த ஏடுதான் ஒரே சாட்சி. எரிக்காமல் அவனை முடித்தவர் ஏட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி கிடைக்கும், பரிசும் கூடும். இதற்கு நல்லது, கெட்டது என்று பெயர் ஒட்ட வேண்டாம்.

பேச்சு பற்றிக் கொஞ்சம்தான். கணக்குப்பிள்ளைக்கு மொத்தம் பதினைந்து வாக்கியம் போதும். குரல் உயரவே கூடாது, கடைசிவரை 'வாங்க, போங்க'தான். "கணக்குன்னா கணக்குத்தானுங்க, இதுல கோவப்பட என்னங்க இருக்குது" என்று களத்தில் வெந்துகொண்டே சொல்பவன், கத்திக் கர்ஜிப்பவனைவிடப் பயங்கரமானவன். வேலையாட்கள் அவனை 'ஐயா' என்பார்கள், அவன் அவர்களைப் பெயர் சொல்லாமல் ஏட்டு எண்ணால் கூப்பிடட்டும்.

தமிழ் எழுத்துக்கு கோடாட் 4 சரியான தேர்வு. 3-ஆம் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 4-இலும் டைப்ரைட்டர் மாதிரி எழுத்தெழுத்தாக வெளிப்படுத்தினால் 'கொ' என்பதன் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் துண்டு துண்டாகத் துள்ளும். தமிழுக்குச் சொல் சொல்லாக வெளிப்படுத்துங்கள்.

மலைப்பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவையும் கட்டாதீர்கள். இரண்டை மட்டும் கட்டி, வளைவு எண் பலகையை 11, 20 என்று வைத்து, இடையில் லோடிங் திரையைப் போட்டால் போதும். எஸ்டேட்டும் 250 மீட்டர் சதுரத்துக்கு மேல் வேண்டாம்.

கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத ஐந்து பேரை உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள். களத்துக்கு வரும்போது "இவனுக்கு என்ன ஆகாது?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேராவது இரண்டு விதிகளைச் சொல்லவில்லையென்றால் தடயம் பலவீனம், வில்லனின் பலத்தைத் தொடாதீர்கள். பெரும்பாலும் தப்பிப்போவது செக்ரோல்தான், பக்கம் நிறைய எழுத்து இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். பத்து வரி, இரண்டு கையெழுத்து, இரண்டு மை நிறம், ஓரத்தில் வெயில் அல்லது மூட்டம் என்று ஒற்றைச் சொல் இருந்தால் போதும்.

நாள் போதவில்லை என்றால் முதலில் கொலுசுக் கடைக்காட்சியை வெட்டுங்கள், அடுத்து கூடாரத்து இரவு, அடுத்து குளிர் நிலை. சுருங்கும் நிழலையும் ரேகை வைக்கும் பட்டனையும் படியில் கிடக்கும் ஜவ்வரிசியையும் தொடாதீர்கள். இவற்றில் ஒன்று போனாலும் மிஞ்சுவது அங்கி இல்லாத அந்தப் பழைய துரைதான்.